வடக்கு ஓரத்துக் குழிகள்

சாயங்காலம் கந்தர்வக்கோட்டை ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் எனக்கு இருந்த ஒரே ஆசை, கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதுதான். உட்கார்ந்ததே கிடையாது. கொல்லையில் கோழி அடைப்பின் வடக்கு ஓரத்தில் புதிதாக ஐந்தாறு குழி தயாராக இருக்கும். புடவையைக்கூட மாற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவேன்.

எட்டுக் கோழி, ஒரு சேவல். முன்பெல்லாம் தெருவெல்லாம் மேய்ந்தவை. பக்கத்து வீட்டு அக்கா கடலை விதைத்த வருஷம், பொல்லாப்பு வேண்டாமென்று ஆள் வைத்துக் கம்பி வலை அடித்து உள்ளே விட்டேன். அதுகள் உள்ளே இருந்துகொண்டே ஓரத்தைச் சீய்க்க ஆரம்பித்தன. சீய்த்துச் சீய்த்து வலையின் அடிப்பக்கம் அந்தரத்தில் தொங்கும். கீரிக்கு அந்தச் சந்து போதும். பத்தாக இருந்த பெட்டைகளில் இரண்டு அப்படித்தான் போயின.

இதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமாகவே தெரிந்திருக்காது, வீட்டுக்காரர் நன்றாக இருந்திருந்தால். ஐந்து மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பி, கம்பை ஊன்றி நடந்தார். கைதான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “வெரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்க்கா. இந்த சில மாசத்தை விட்டுட்டோம்னா அப்பறம் மடங்கினது மடங்கினதுதான்.”

ஒரு தட்டில் நிலக்கடலையைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு தட்டில் போடச் சொல்லியிருந்தாள். கொண்டுபோய் வைத்தேன். முப்பது வருஷம் வெள்ளாமை பார்த்த மனுஷர். இரண்டு தட்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னைய பால்வாடியில சேத்துவிட்டியா?” என்றார் குழறலாக. அதோடு சரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினால் நான்கு கடலை பொறுக்குவார். எழுந்து போனால் இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கெஞ்சுவதற்கு எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? குழியை மூடி, சமைத்து, அவரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் எனக்கே சாமி வந்தவள் மாதிரி உடம்பு ஆடும்.

குழியை நிறுத்த என்னால் ஆனதெல்லாம் செய்தேன். வலையோரமாகச் செம்புறாங்கல் துண்டுகளை அடுக்கினேன். கல்லுக்கு முன்னால் தோண்டின. கருவை முள்ளை வெட்டிப் புதைத்தேன். என் காலில்தான் குத்தியது. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வேலி மேல் எட்டிப் பார்த்து, “சாம்பலப் போடு தங்கச்சி, ஒண்ணும் அண்டாது” என்றது. எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் சாம்பல்தான். கத்திரிச் செடியில் பூச்சியா, சாம்பல். வாசலில் எறும்பா, சாம்பல். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெந்நீர் அடுப்புச் சாம்பலை நான்கு நாள் சேர்த்து ஓரம் முழுக்கக் கொட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் எட்டும் அதில் படுத்துப் புரண்டு குளித்துக்கொண்டிருக்கின்றன. சேவல் தன் முறைக்காக நிற்கிறது. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மற்ற மூன்று ஓரத்திலும் அவ்வளவாகக் குழி இருக்காது. வடக்கே வேப்பமர நிழல், ஈரம், புழு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிழலில், வலையை ஒட்டித்தான் அவருக்கும் நாற்காலி போட்டுவிட்டுப் போவேன்.

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கேட்டுவிட்டேன். “பகல் பூரா இங்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க, ஒரு சத்தம் போட்டு வெரட்டக்கூடாதா?”

“கோழி பொம்பளைங்க சமாச்சாரம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். கோயிலுக்குச் சேவலைத் தூக்கிப் போவதற்கு ஆம்பளைகள் வருவார்கள். தீனி போடக் குனிய மாட்டார்கள். யாராவது பார்த்தால் கௌரவம் போய்விடும்.

அன்றே முடிவு செய்தேன். கோழிகளை விற்றுவிட வேண்டியது. குழி மூடுகிற அந்த ஒரு மணி நேரத்தை அவர் கைக்குக் கொடுக்க வேண்டியது. கோழியைவிடக் கை பெரிதில்லையா? வியாபாரிக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, “ஒன் இஷ்டம்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. பர்மிஷன் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். முன்வாசல் வரை சுற்ற முடியாமல் கொல்லைப் பக்கமாக வந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுத் தட்டு. இடது கையால் சாப்பிட்டு முடித்து, ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்திருந்தார்.

வலது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார். விரல்கள் கேட்கவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றுக்கொன்று தொட்டு, நடுவில் இரண்டு பருக்கை. அதை அப்படியே நடுங்க நடுங்கத் தூக்கி, வலைக் கண்ணுக்குள் விட்டுத் தள்ளினார். பருக்கை ஓரத்தில் விழுந்ததும் எட்டும் பாய்ந்து அந்த இடத்தைக் கிளறின. “இருங்கடி... வாரேன்... பறக்காதிய” என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். என் இடுப்பை ஒடித்தது இந்த மனுஷர்தானா என்று. பிறகு அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நான் பார்த்தது தெரிந்தால் அந்தக் கௌரவக்காரர் அத்தோடு நிறுத்திவிடுவார். அதனால் அவர் தட்டை வைத்துவிட்டுக் கண்ணயரும் வரை வெயிலில் நின்றுவிட்டு, முன்வாசல் வழியாகச் செருப்புச் சத்தத்தோடு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். விற்கவில்லை என்றேன். “வரச் சொல்லிட்டு இப்படிச் சொன்னா எப்படிங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நாற்காலியில் இருந்தவர் கேட்டார். “ஏன்? ஒனக்குத்தான் முடியலயே.”

“முடியலதான். இருந்துட்டுப் போகட்டும், பொம்பளைங்க சமாச்சாரம், நீங்க பேசாம இருங்க” என்றேன்.

திங்கட்கிழமை அவர் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூட வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி எட்டிப் போட்டு நடந்தேன். ஒருவேளை என் முகத்தில் ஏதாவது கண்டுபிடித்திருப்பாரோ, இன்று குழியே இல்லாமல் போயிருக்குமோ என்று.