துணைக்குப் போன கோழி

கோர்ட்டு டபேதார் வேலை என்பது, ஊரார் பேரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டுவிட்டு, வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் ஒதுங்கி நிற்கிற வேலை. தலையில் உருமால், குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. வில்லையைத் துலக்கத் தெரிந்தால் போதும். படிப்பு அவ்வளவாகத் தேவையில்லை. எனக்கும் அது அவ்வளவாக இல்லை.

உங்களில் பலபேர் கோர்ட்டு வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, இன்றைக்காவது நம் பேரைக் கூப்பிடுவானா என்று காத்துக் கிடந்திருப்பீர்கள். காத்திருந்து உங்களுக்குக் காது புளித்தது; கத்திக் கத்தி எனக்கு வாய் புளித்தது. ஆக, நாம் ஒரே வண்டியில் இடிபட்டவர்கள்தான். புதுக்கோட்டையில் சமஸ்தானம் போய், மெட்ராஸ் சர்க்கார் வந்த கொஞ்ச வருஷத்தில் நடந்த ஒரு கேஸ் இது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எலி அடங்கின அறை

குளத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் அடைக்கலம் என்று ஒரு சம்சாரி. ஒரே ராத்திரியில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து விடியற்காலையில் செத்துப்போனான். அன்றைக்கே புதைத்துவிட்டார்கள். சில நாள் கழித்து, “பெண்டாட்டி மருதாயி கஞ்சியில் பாஷாணம் கலந்துவிட்டாள்” என்று அவனுடைய ஆத்தாளும் தம்பியும் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். சாவுக்கு முந்தின நாள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடந்த சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. தாசில்தார் நின்று பார்க்க, பிணத்தைத் தோண்டி எடுத்தார்கள். டாக்டர் அறுத்துப் பாட்டிலில் போட்டு மெட்ராசுக்கு அனுப்பினார். பாஷாணம் இருக்கிறது என்று பதில் வந்தது. வீட்டுப் பரணில் பாஷாணம் கலந்த அரிசியோடு ஒரு மண்பானையும் அகப்பட்டது. “அது எலிக்கு வச்சதுங்க. அவரே கலந்து வச்சாரு” என்று மருதாயி அழுததை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு பெண்பிள்ளையைத் தூக்கில் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பானை, வாயில் துணி கட்டி அரக்கு முத்திரையோடு எங்கள் சாமான் அறைக்கு வந்தது. அந்த அறை எலிகளின் சொந்த ஊர் மாதிரி. ரத்தம் காய்ந்த வேட்டி, அரிவாள் பிடி, கேஸ் கட்டு என்று அதுகள் கொறிக்காத சாமான் கிடையாது. பானை வந்ததிலிருந்து அறை அடங்கிப் போனது. பட்டப்பகலில் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு சத்தம் இராது. நம் மூச்சு நமக்கே கேட்கும்.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் காதர் பாய். ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பானைத் துணியின் ஓரத்தில் கொறித்த ஓட்டை. கீழே, சுற்றிலும், தலையைப் பானைப் பக்கமே திருப்பி வைத்தபடி எலிகள் செத்துக் கிடந்தன. பாய் குரலை இறக்கிச் சொன்னார்: “மண்ணுக்குள்ள போன பெறகும் அந்த மனுசன் எலிக்கு வைக்கிறத விடலையேண்ணே.”

எழுந்திரிக்காத சாட்சி

விசாரணையில் செத்தவனுடைய ஆத்தாள் வெள்ளையம்மாளின் முறை வந்தது. வெளியே வந்து, “வெள்ளையம்மா!” என்று குரல் கொடுத்தேன். அந்தம்மா என் காலடியில்தான், வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து என் வாயையே பார்த்தது. எழுந்திரிக்கவில்லை. இரண்டாந்தரம் கூப்பிட்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டதோ என்று பார்த்தேன். மூன்றாந்தரம் கூப்பிட்டதும், ஒன்றுமே நடக்காத மாதிரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தது.

“ஏன் ஆத்தா, கண்ணு முன்னாடி உக்காந்துக்கிட்டுக் கத்த விட்டீங்களே, நல்லாருக்கா?” என்று கேட்டேன். அதற்கு அந்தம்மா சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “காத்து கருப்பும் ரெண்டு தரம் கூப்பிடும் அப்பு, மூணாவது தரம் கூப்பிடுறதுதான் மனுசக் கொரலு, எம்மகன் போனதுலேருந்து ‘ஆத்தா, ஆத்தா’ன்னு தெனமும் ரெண்டு தரம் கேக்குது, மூணாவதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

கோழி நல்லபடியாப் போச்சு

கூண்டில் ஏறி நின்றதும் அந்தம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தது. பாஷாணம் என்றால் அதுதான். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம், “இவதான் கொன்னா, இவதான் கொன்னா” என்று ஒரே பதில். கைதிக் கூண்டில் மருதாயி தலைவிரி கோலமாக, மேஜை மேல் இருந்த பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வக்கீல் வைக்க நாதியில்லை. சர்க்காரே ஓர் இளவட்ட வக்கீலைக் கொடுத்திருந்தது. அவருக்கும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை போலும். சும்மா ஒரு கேள்வியைப் போட்டார்: “மருமக மேல சந்தேகம்னா அன்னைக்கே போலீசுக்குப் போயிருக்கணும். ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?”

“அன்னைக்குச் சந்தேகம் வரலைங்க. கோழி நல்லபடியாப் போச்சு, மனசு நிம்மதியா இருந்துச்சு.”

“எந்தக் கோழி?”

சனிக்கிழமைச் சாவு கூடவே இன்னோர் உயிரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். அதனால் வீட்டு ஆள் தப்ப, பாடையோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். அடைக்கலம் செத்தது சனிக்கிழமை. இதையெல்லாம் அந்தம்மா ஜட்ஜுக்குப் பாடம் மாதிரி எடுத்துச் சொன்னது. சொல்லிவிட்டுப் பெருமையாக ஒன்று சேர்த்தது: “மத்த வீட்டுக் கோழியெல்லாம் கடைசி மட்டும் கத்திக்கிட்டே போகும். எம்மகன் கோழி இடுகாடு போறதுக்குள்ள கழுத்தத் தொங்கப்போட்டு அடங்கிருச்சு. அவனே துணைக்குக் கூட்டிக்கிட்டான், இனி வீட்டுல யாருக்கும் பயமில்லைன்னு எல்லாரும் கும்புட்டோம்ங்க.”

இளவட்ட வக்கீல் உட்காரப் போனவர் நிமிர்ந்தார்.

“பாடையில கட்டுறதுக்கு முந்தி அந்தக் கோழி எங்க இருந்துச்சு?”

“பொணத்தக் கெடத்தின பெஞ்சுக் காலுல கட்டிப் போட்டிருந்தோம்.”

“என்ன தின்னுச்சு?”

“சாவு வீட்டுல அதுக்கு விருந்தா வைப்பாங்க? வாய்க்கரிசி போடையில செதறுனதக் கொத்திக்கிட்டுக் கெடந்துச்சு.”

“அந்த வாய்க்கரிசிய எங்கேருந்து எடுத்தீங்க?”

“இவ மூலையில மயங்கிக் கெடந்தா. அடுப்படிப் பானை காலி. நான் பக்கத்து வீட்டுல எளையவனோட இருக்கவ, எனக்கு என்ன தெரியும்? பரண்ல கைய விட்டேன், ஒரு பானையில அரிசி இருந்துச்சு. நான்தான் அள்ளியாந்தேன். நான்தான் மொதப் பிடி போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்த அந்தம்மா, மேஜைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது. “இந்தா இருக்கே, இதே பானைதான்.”

எழுதிக்கொண்டிருந்த பெஞ்சு கிளார்க்கின் பேனா அந்தரத்தில் நின்றது. மருதாயி முதல் தடவையாகத் தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தாள். அந்தம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்டது: “ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க, நான் என்ன சொல்லிப்புட்டேன்?”

ஒரே பாட்டில்

மறுநாள் டாக்டரைத் திரும்பவும் கூண்டில் ஏற்றினார்கள். பிணத்தின் வாயில் அரிசி இருந்ததா என்று இளவட்ட வக்கீல் கேட்டார். இருந்தது, தொண்டைக்குள்ளும் இறங்கியிருந்தது என்றார் டாக்டர். அந்த அரிசியை என்ன செய்தீர்கள்? குடலோடு சேர்த்து ஒரே பாட்டிலில்தான் போட்டோம் என்றார். உயிரோடு இருந்தவன் வயிற்றுக்குப் போன பாஷாணமா, செத்தவன் வாயில் போட்ட பாஷாணமா என்று இனிமேல் பிரித்துச் சொல்ல முடியுமா என்று ஜட்ஜே கேட்டார். முடியாது என்றார் டாக்டர். வாந்திபேதி நோயில் சாகிறவனுக்கும் பாஷாணம் தின்றவனுக்கும் வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதையும் ஒத்துக்கொண்டார்.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உச்சிவெயிலில் தூக்கிக்கொண்டு போனால் எந்தக் கோழிதான் பிழைக்கும் என்று மேஜையைத் தட்டினார். அந்த ஊரில் வேறு யாருக்கும் பேதி கண்டதில்லையே, இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்றார். அதே பானையில் மருதாயியின் கையும் நுழைந்திருக்கலாமே என்றார். அதையெல்லாம் ஞாயமில்லை என்று எப்படிச் சொல்வது? வராந்தாவில் கும்பல் இரண்டாகப் பிரிந்து, நோய் என்று பாதியும் கஞ்சி என்று பாதியும் சண்டை போட்டது. கோழியைக் கொன்றது அரிசியா வெயிலா என்று பக்கத்துக் கோர்ட்டுக்கு வந்தவர்கள்கூடப் பேசினார்கள். கோழியைக் கேட்கலாமென்றால், அதையும் அடைக்கலத்தோடு ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள்; இத்தனை நாளில் அது மக்கிப் போயிருக்கும். பிணத்தைத் தோண்டினபோது பக்கத்தில் கிடந்த இறகை எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து, குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “டபேதார், நாங்க பாட்டில்ல போட்டு அனுப்பியிருக்க வேண்டியது அந்தக் கோழியைத்தான்யா.”

இரண்டுக்கும் நடுவில்

தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார்கள். மருதாயி ஜட்ஜின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். விலங்கைக் கழற்றினதும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றாள். பெஞ்சு கிளார்க் நல்ல மனுஷர். எழுந்து போய், “சந்தேகம் இருக்கிறதுனால விட்டுட்டாங்கம்மா, வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

“நான் செய்யலைன்னு சொல்லிட்டாங்களா சாமி?”

“அப்படிச் சொல்லலைம்மா. நீ செஞ்சேன்னு சொல்ல முடியலைன்னு சொல்லியிருக்காங்க.”

உயிர் தப்பினவள் சிரிப்பாள், இல்லை அழுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. நீட்டின கையை மெல்ல மடக்கிக்கொண்டு கேட்டாள்: “அந்த ரெண்டுக்கும் நடுவுல நான் எந்த ஊருல போயிக் குடியிருக்கிறதுங்க?”

பாக்கி

மருதாயி ஆவுடையார்கோவில் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேஸ் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியான இடைவேளை. ஜட்ஜு எழுந்து போய்விட்டார், வராந்தா காலி. வாசற்படிக்குப் பக்கத்தில், அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தது. உடம்பு பாதியாக வற்றிப் போயிருந்தது.

“இன்னைக்கு உங்களுக்குக் கேசு எதுவும் இல்லையே ஆத்தா. இங்கிட்டு ஏன் வந்தீங்க?”

“ஒரு ஆளக் கூப்பிடணும் அப்பு. நீங்க கூப்பிட்டா எப்பேர்ப்பட்டவனும் வந்துதான ஆகணும்? எம்மகனக் கூப்பிடுங்க.”

“செத்தவுகளக் கூப்பிட எனக்கு ஏதுங்க ஆத்தா உத்தரவு?” என்று நழுவப் பார்த்தேன். அந்தம்மா என் பட்டையைப் பிடித்துக்கொண்டது. “இப்பல்லாம் அவன் ரெண்டு தரம்கூடக் கூப்பிடுறதில்ல. அரிசி போட்ட கையின்னு தெரிஞ்சுக்கிட்டான் போல. சீக்குல போனானா, அவ குடுத்துப் போனானா, அத மட்டும் ஒரு வார்த்த கேட்டுப்புட்டு விட்டுர்றேன். அவ மேல பழி போட்டுட்டு நான் எப்படிக் கண்ண மூடுவேன்?”

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உருமாலைச் சரி செய்துகொண்டேன். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, வழக்கமான குரலில், “அடைக்கலம்!” என்றேன். காலி வராந்தாவில் அந்தப் பேர் கடைசித் தூண் வரைக்கும் போய்த் திரும்பியது. வேப்பமரத்துக் காக்கைகள் ஒரே மூச்சில் எழும்பின. “அடைக்கலம்!” என்றேன் இரண்டாந்தரம். வாசலுக்கு வெளியே மண்ணில் யாரோ செருப்பில்லாமல் நடந்து வருகிற மாதிரி ஒரு சரசரப்பு. காய்ந்த இலையாகத்தான் இருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாந்தரத்துக்கு மூச்சை இழுத்தேன். அந்தம்மா எழுந்து இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தியது. “வேணாம் அப்பு, மூணாவது தரம் கூப்பிட்டா நெசமாவே வந்துருவான், வந்து வாயத் தொறந்து நான் போட்ட அரிசியக் காட்டுனா நான் என்ன செய்வேன்?”

பென்ஷன் வாங்குகிற வரைக்கும் எத்தனையோ பேரை மும்மூன்று தரம் கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிட்டேன், அந்த ஒரு பேரில் மட்டும் இன்னும் ஒரு தரம் பாக்கி நிற்கிறது.