பால் காய்ச்ச ஆள் வேண்டும்

வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார் ராக்கப்பன். பிறகு சைக்கிளை மிதித்து வாடகை வீட்டுக்குப் போகிறார். ஓடைப்பட்டியில் ஆறு மாதமாக இதே கூத்துதான். பூட்டியிருப்பது அவருடைய சொந்த வீடு! கட்டி முடித்ததிலிருந்து ஒருநாள்கூட அதில் தலை சாய்த்ததில்லை.

ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுவது தொழில். முப்பது வருடம் பந்தலை அண்ணாந்து பார்த்தே கழுத்து அப்படியே நின்றுவிட்டது. பேசும்போது பார்வை எதிராளியின் தலைக்கு மேலே போகும். கர்வம் பிடித்தவர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாவம், யாரையும் அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனுஷன்.

வீடு என்றால் ஒன்றரை சென்ட் இடத்தில் ஓர் அறை, ஓர் அடுப்படி. டீக்கடையில் ஒரு வடை தின்னாமல் சேர்த்தது. “செவுத்துல ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா வைவாக. நம்ம வீடுன்னா யாரு கேக்கப்போறா? அதுக்குத்தேன்” என்பார்.

பிறகு ஏன் குடிபோகவில்லை? உடன்பிறந்தவள் வந்து பால் காய்ச்ச வேண்டுமே! ஒரே தங்கை மாரீஸ்வரி பொட்டிப்புரத்தில் இருக்கிறாள். மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டு அவள் வந்த வாரம்தான் இவர் கம்பியும் சிமெண்டும் இறக்கியிருந்தார். “தளத்தப் போட்டுட்டுத் தாரேன் ஆத்தா” என்றார். “ஒனக்கு வீடுதேன் பெருசு. அந்த வாசல மிதிக்க மாட்டேன்” என்று போனவள்தான். கல்யாணம் முடிந்து பணத்தோடு போய் நின்றார். அவள் கைநீட்டவில்லை.

எதிர்வீட்டுக் கயல் மனசு கேட்காமல் சொல்லிப் பார்த்தாள். “நான் காச்சித் தாரேண்ணே. சொந்த வீட்டுக்கே வாட்ச்மேனா நிக்கிறீகளே!”

“இருக்கட்டும் ஆத்தா. கூடப்பொறந்தவ இருக்கையில ஊராள விட்டுச் செஞ்சா, அவ இல்லைன்னு ஆயிரும்ல?”

ஆவணியின் கடைசி முகூர்த்தம் வந்தது. விட்டால் புரட்டாசி, வாடகை வீட்டையும் ஒன்றாம் தேதி காலி செய்தாக வேண்டும். தங்கை கணவர் சங்கிலி, எப்படியும் கூட்டி வருவதாகப் போனில் சொன்னார். “மாப்ள சொல்லிட்டாக, வந்துருவா” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார் ராக்கப்பன். தங்கைக்குப் பச்சைச் சேலை ஒன்றும் எடுத்து வைத்தார். அன்று காலை முதல் பஸ் வந்தது, இரண்டாவதும் வந்தது. அவள் வரவில்லை. சங்கிலியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பஸ் ஸ்டாப்பிலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. கதவைத் திறந்து தனியாக உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். பால் நுரைத்து ஏறியது. அது பொங்கும்போது வீட்டுப் பெண்கள் குலவை போட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ராக்கப்பன் ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார். பால் பொங்கி வழிய, வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றித் தானே குலவை போட்டார்.