திட்டு வாங்கிக்கொண்டே நடந்தவர்

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களை நடக்க வைப்பது என் தொழில். அதுவும் அடையாறில் ஒரு சின்ன அறைக்குள், ட்ரெட்மில்லில், நின்ற இடத்திலேயே. மாடிப்படி பாதியில் நின்று, போன் வந்ததுபோல் நடித்து மூச்சு வாங்கிக்கொள்பவரா நீங்கள்? வாருங்கள், நீங்கள் நம்மவர்.

மாமாவின் வாட்ச்

மயிலாப்பூர் மாமா ஒருவர். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவர் வாட்சில் நாடித்துடிப்பு நூறைத் தாண்டாது. கூட நடக்கும் மாமிக்குச் சர்ரென்று ஏறிவிடும். தன் இதயம்தான் உசத்தி என்று மாமாவுக்குப் பெருமை. தினமும் உடற்பயிற்சி செய்தால் துடிப்பு நிதானப்படும், உண்மைதான்; ஆனால் உங்களுடையது, மாரடைப்புக்குப் பிறகு துடிப்பைக் குறைக்கக் கொடுத்த மாத்திரை பிடித்து வைத்திருக்கும் நிதானம், அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

"இத்தனை வருஷத்துல அவளை ஜெயிச்சது இது ஒண்ணுலதான். அதையும் மாத்திரைன்னுட்டேளே!"

பேச்சுதான் அளவு

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாட்சைவிடப் பேச்சை நம்பலாம். நடந்துகொண்டே தாராளமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திணறினால் குறைக்க வேண்டும்.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருந்த கோதண்டம் அண்ணனுக்கும் அதே மாத்திரை. அவர் மனைவி வசந்தா அக்கா ட்ரெட்மில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னாயா, பொண்ணு பாக்கப் போறியா? காலத் தூக்கி வையி" என்று ஆரம்பிப்பார். "நீ ஏறிப் பாருடி, தெரியும்" என்பார் அண்ணன். அறையே சிரிக்கும். நான் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அக்கா ஒரு திட்டுப் போட்டுப் பார்ப்பார்.

"எதுத்துப் பேசுனா ஆளு நல்லாக்கீறாருன்னு அர்த்தம். கம்முனு கேட்டுக்கினாருன்னா மிஷின நிறுத்திடும்மா."

கம்முனு இருந்த நாள்

திடீர்க் காய்ச்சலில் வசந்தா அக்கா போய்விட்டார். அண்ணன் இனி வரமாட்டார், நடையை விட்டுவிடுவார் என்று பயந்தேன். சில வாரம் கழித்து, தனியாக வந்தார்.

ஏறி நடந்தார். மானிட்டரில் எல்லாம் சரி. ஆனால் எதைக் கேட்டாலும் "உம்." மூச்சுத் திணறலா, துக்கமா? எனக்குப் பிடிபடவில்லை. மெஷினை நிறுத்தினேன். "இறங்கட்டாம்மா?" என்று செருப்பைத் தேடினார். இன்று இறங்கினால் திரும்ப வரமாட்டார் என்று தோன்றியது. வேறு வழி தெரியாமல் அக்கா நின்ற இடத்தில் போய் நின்று, "என்னண்ணே, பொண்ணு பார்க்கவா போறீங்க? காலைத் தூக்கி வைங்க" என்றேன். 

அண்ணன் சிரித்தார். சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, மெஷினைப் போடச் சொல்லிக் கைகாட்டினார்.

"நீ இன்னாம்மா, மரியாதையா திட்டுற. இதுக்கு எப்டி எதுத்துப் பேசுறது?"

இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் உங்களைத் திட்ட ஆள் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன்.