இடக்கோடி யானை

என் இடப்பக்கம் காணாமல் போனது ஒரு ஞாயிறு காலை எட்டு பத்துக்கு. மாமல்லபுரத்தில், சலீம் பாயின் செருப்புக்கடை வாசலில், சதுரங்கப் பலகைக்கு முன்னால்.

நாங்கள் பரிசுக்கு ஆடுபவர்கள் அல்லர். வாரம் முழுக்க நான் அலுவலகத்தில் தலை குனிந்து நிற்பேன். பாய் வாடிக்கையாளர்களின் காலடியில் குனிந்திருப்பார். ஞாயிறு கடை திறக்கும் முன், ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்போம். காய்களைப் பலகையில் அறைவோம். கடிகாரம் குத்து வாங்கும்.

அந்த வேகத்திலும் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறித்துவைப்பது என் வழக்கம்.

"எழுதியே தோக்கறதுக்கா செங்கல்பட்லேந்து பஸ் ஏறி வர்ற, அண்ணாத்த?" என்பார் பாய். அதைக் கேட்கத்தான் போவேன்.

அன்று நான் வென்றுகொண்டிருந்தேன். திடீரென ஒரு கறுப்பு யானை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்து என் ராணியை வெட்டியது.

"இது எங்கேந்து வந்துச்சு?"

"மூலைலதான குந்திகினு இருந்துச்சு. கண்ணு அவிஞ்சிட்ச்சா?"

கள்ள ஆட்டம் என்று கத்தினேன். மரக் கடிகாரத்தைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். அவர் சாய்ந்த பிறகும் ஒருமுறை அடித்தேன். பலகையை உதைத்தேன். என் சட்டையில் ரத்தம்.

அவரை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மதியம் என் மனைவி வசந்தா தட்டைப் பார்த்தாள்.

"இன்னாங்க, சோத்துல பாதிய தொடவே இல்ல?"

எனக்குத் தட்டு காலியாகத்தான் தெரிந்தது.

வசந்தா என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் நான்கு மணி நேரம் வீணாகியிருந்தது. உங்கள் வீட்டில் அது வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். சாதுவான மனிதர் காரணமில்லாமல் வெறிகொண்டால், கோபத்தோடு நோயையும் சந்தேகியுங்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) என்றார்கள். மூளையின் வலப்புறத்தில் அடைப்பு. "கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். மூளைதான் இடப்பக்கத்தக் கண்டுக்கல," என்றார் மருத்துவர். இதற்குப் பெயர் பக்கப் புறக்கணிப்பு (ஒரு பக்கம் இருப்பதையே மூளை உணராத நிலை).

மூன்றாம் நாள், யாரோ ஒருவனின் கை என் படுக்கையில் கிடந்தது. தள்ளினேன். போகவில்லை. எவர்சில்வர் டம்ளரால் அடித்தேன். நகம் பிளந்தது. எனக்கு வலிக்கவில்லை, அதனால் இன்னும் ஓங்கி அடித்தேன்.

"அது உங்க கைங்க!" என்று வசந்தா என்மேல் விழுந்து தடுத்தாள்.

அந்த வாரத்து நாட்குறிப்பில் எழுத்தெல்லாம் பக்கத்தின் வலப்பாதியில் மட்டும் நெருங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு வரி: "பாய் ஏமாற்றினார். அவருக்குச் சிறு கீறல்." கீறல் என்பது வசந்தா சொன்னது. ஏமாற்றியது என் முடிவு.

வீடு திரும்பிய பின், ரத்தக்கறைச் சட்டைப் பையில் அந்த ஆட்டத்தின் தாள் இருந்தது. ராணி வெட்டுப்படுவதற்கு மூன்று நகர்த்தல் முன்பு, கறுப்பு யானை என் இடக்கோடிக்கு வந்ததைக் குறித்திருந்தேன். என் கையெழுத்து.

வசந்தாவைப் பாயிடம் தொலைபேசியில் பேசச் சொன்னேன். மன்னிப்பும், தாளில் இருந்ததும். கேட்டுவிட்டுப் பாய் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டு ஞாயிறு கழித்து, பலகையும் புதுக் கடிகாரமுமாகப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கடிகாரம் என் பக்கம்தான் இருக்கும், அண்ணாத்த. பேஜாரு வேணாம்."

ஆளுக்கு அரை மணி வைத்துக்கொண்டோம். பலகையின் இடவிளிம்பில் வசந்தா சிவப்பு நாடா ஒட்டினாள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது பயிற்சி. ஏழெட்டு வினாடி பிடிக்கும். முன்பு அந்த நேரத்தில் மூன்று காய்களை வெட்டியிருப்பேன்.

ஐந்தாவது நகர்த்தலில் தலை நாடாவைத் தாண்டிப் போய்விட்டது. அங்கிருந்து நிமிர்ந்தேன்.

பாயின் வலப் புருவம் இரண்டாகப் பிளந்து ஒட்டியிருந்தது. தழும்பு காதுவரை ஓடியது. இமை பாதிதான் திறந்தது. ஒரு மணி நேரமாக எதிரில் உட்கார்ந்து என்னோடு டீ குடித்த முகத்தில் நான் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னாத்த பாக்குற? உன் டைம் ஓடிகினு கீது."

"ஓடட்டும், பாய்."

தையல் தடங்களை எண்ணினேன். நடுவில் பார்வை வலப்பக்கம் நழுவியது. சிவப்பு நாடாவிலிருந்து மீண்டும் தொடங்கினேன். பதினொன்று.