நிழலில்லா நாளில் கல்வராயன் மலைக்கு

போன ஏப்ரல் மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை, கல்வராயன் மலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல. இரண்டாம் ஆண்டு இயற்பியலில் எங்களுக்கு ‘வானியல் அறிமுகம்’ என்று ஒரு பாடம். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் கம்பு நட்டு, நிழல் மறைவதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். இருவர் சேர்ந்து செய்யும் சோதனை. என் ஜோடி கோமதி மலை ஊர்க்காரி, விடுதியில் தங்கிப் படித்தவள். பதினைந்து நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை.

அதற்குக் காரணம் நான்தான். வகுப்பில் கோள்களைப் பற்றிப் பேசும்போது ‘மார்ஸ்’ என்பதை ‘மார்ச்’ என்றாள். “அப்போ ஏப்ரல் எங்க?” என்று கத்தினேன். மொத்த வகுப்பும் சிரித்தது. மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலை 7.10-க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வடக்கனந்தல் வழியாக 7.55-க்குக் கச்சிராயப்பாளையம். இட்லி 30 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஜீப், தலைக்கு 60. என் கையிலிருந்த ஒரு மீட்டர் பைப்பை டிரைவர் பார்த்தார்.

“இன்னாம்மா, பைப்பு வேலைக்கா போற?”

“நிழல் அளக்கப் போறேண்ணா.”

“அதுக்கு மலை ஏறணுமா? எங்க வூட்டாண்டயே ஜாஸ்தியா கெடக்குதே!”

9.45-க்குக் கோமதியின் ஊரில் இறங்கினேன். குழாயடியில் குடத்தோடு நின்றாள். “எதுக்கு வந்த?” என்றாள்.

“ரெக்கார்டுக்கு.” பைப்பைக் கீழே வைத்துவிட்டு, “அன்னிக்கு நான் பேசனது தப்பு, கோமதி” என்றேன்.

“எல்லாருந்தான் சிரிச்சாங்க. ஆரம்பிச்சது நீ.” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “திங்கக்கெழம திருப்பூர் போறேன். பனியன் கம்பெனில சொல்லியாச்சி.”

அவள் பின்னாலேயே நடந்தேன். அவள் வீட்டு வாசலில் பைப்பை நட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். உச்சிக்குச் சற்று முன் நேர் மேற்கே விழ வேண்டிய நிழல், 12.05-க்கு வடக்கே ஒதுங்கிக் கிடந்தது. “நாளே தப்போ?” என்று முனகினேன். கோமதி வந்து, நூலில் கல்லைக் கட்டிப் பைப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

“நாளு சரிதான். பைப்புதான் கோணலா கீது.”

நிமிர்த்தினாள். 12.14-க்கு நிழல் காணாமல் போனது. எட்டிப் பார்க்க வந்த அவள் அம்மா குனிந்து தன் காலடியைத் தேடினார். “எங்கடி போச்சி என் நெழலு?”

“சூரியன் நேரா தலைக்கு மேல கீதும்மா. நம்மூர்ல வருசத்துக்கு ரெண்டே நாளுதான் இப்பிடி. மெட்ராசுக்கு வேற நாளு. டில்லில என்னிக்குமே கெடையாது.”

திக்காமல் திணறாமல் சொன்னாள். அதை அப்படியே ரெக்கார்டில் எழுதி அவளிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். “காலேஜுக்கு வருவியா?” என்றேன். “தெரியல” என்றாள். 2.30 ஜீப்பில் மலை இறங்கினேன்.

நீங்களும் போவதென்றால்: ஏப்ரல், ஆகஸ்ட் இரண்டிலும் இருபதாம் தேதியை ஒட்டி இந்த நாள் வரும். ஆகஸ்டில் மேகத் தொல்லை ஜாஸ்தி. பன்னிரண்டு மணியையே உச்சிவேளை என்று நம்பாதீர்கள். பதினொன்றரைக்குள் இடம் சேருங்கள்; தண்ணீர், தொப்பி, சமதரை முக்கியம். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் பதினைந்து நாள் காத்திருக்காதீர்கள்.

கோமதி திங்களன்று வரவில்லை, செவ்வாயும் இல்லை. திருப்பூர் போய்விட்டாள் என்றே நினைத்தேன். புதனன்று வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வாசலில் வந்து நின்றாள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டாளே, அது போதும்.