நான் நிறுத்திய சத்தம்

என் கணவரின் அலறலை நிறுத்தும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே மறைத்தேன். மறதி நோய் அவரை வாசல் கதவில் மோத வைத்தபோதெல்லாம், அவரை அமர்த்தக்கூடிய பொருள் என் சமையலறையிலேயே இருந்தது... அதை நான் தானமாகக் கொடுத்து, நல்லவள் என்று பெயரும் வாங்கினேன்!

என் மகனுக்கு இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியம்தான்.

முதலில் அவர் எனக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு நியாயம் சேர்க்காது. ஆனாலும் அதைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை.

வீரபாண்டியில் எங்கள் கம்பெனிக்கு மேல்மாடிதான் எங்கள் வீடு. கீழே பனியன் துணி பின்னும் மிஷின்கள் இரவும் பகலும் ஓடும். அந்த அதிர்வு தரை வழியே ஏறி வந்து, கட்டில் காலிலும் தம்ளர்த் தண்ணீரிலும் என் பற்களிலும்கூட நடுங்கும். எனக்கோ வாசிப்புதான் மூச்சு. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்காருவேன். அவர் சிரிப்பார்.

"ஊருக்கே பனியன் போடற பஞ்சு, உனக்குக் காதுல வெக்கத்தான் ஆகுதா? ரெண்டு வருசம் பொறுத்துக்க சரசு. குன்னத்தூர்ப் பக்கம் காட்டுக்குள்ள ஊடு கட்டித் தாரேன். குருவிச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

இடம் வாங்கினார். வீட்டின் வரைபடத்தில், சன்னலோரம் எனக்கென்று ஒரு நாற்காலியைத் தம் கையாலேயே வரைந்தார். அந்தத் தாளை நான் எத்தனை முறை விரித்துப் பார்த்திருப்பேன்!

பிறகு ஒரு காலையில் லாரியிலிருந்து இரண்டு புது மிஷின்கள் இறங்கின. இடம் கைமாறிவிட்டது. அதை எனக்குச் சொன்னவர்கூட அவரல்லர். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாள்.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா நீ அழுவ. அடுத்த வருசம் பாத்துக்கலாம், உடு."

நான் அழவில்லை. அந்த அடுத்த வருடத்துக்காகக் காத்திருந்தேன், தலை நரைத்தது.

இங்கே அவருடைய வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். நூல் அறுந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். உலகம் சத்தத்தில் விழிக்கும். அவர் சத்தம் நின்றால் விழிப்பார். "நூலு அறுந்துருச்சு" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு படியிறங்குவார். அவர் வெளியூர் போன நாட்களில் அந்தக் காவல் என்னுடையது. பஞ்சுக்குள்ளிருந்தும் அந்த நிசப்தம் எனக்குக் கேட்டுவிடும். மேலிருந்து மிஷின்காரரைக் கூப்பிட்டு ஓட வைப்பேன். "சரசு இருந்தா மிஷின் நிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்.

நோய் வந்தது. பெயர்கள் போயின; பிறகு முகங்கள். சில நாட்களில் ஆவேசம் வரும். மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"வலியா இருக்கலாம், மலச்சிக்கலா இருக்கலாம். பசி, வெளிச்சம், சத்தம், பழகாத இடம்... எதுன்னு அவருக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்துல இருக்கற நீங்கதாம்மா கவனிச்சுக் கண்டுபிடிக்கணும்."

நான் என்ன கவனித்தேன்? மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர் அதிகம் அலைந்தார் என்பதையாவது கவனித்தேனா? இல்லை. அத்தனை காரணங்களில் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தேன். இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் என் மகன் கார்த்தியிடம், "சத்தந்தான் ஆகாதாமா கண்ணு" என்றேன்.

அவன் குன்னத்தூருக்கு வெளியே ஒரு வாடகை வீடு பார்த்தான். சுற்றிலும் சோளக்காடு. சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குருவிச் சத்தம் கேட்டது... உண்மையாகவே கேட்டது!

அவருக்கு அங்கே பைத்தியம் பிடித்தது போலாயிற்று. கதவை அறைவார். தட்டை எறிவார். "நின்னு போச்சு, நின்னு போச்சு" என்று அறை அறையாகத் தேடுவார். தடுத்த என்னை ஒருமுறை தள்ளிவிட்டார். என்ன நின்றுபோயிற்று என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நம்புங்கள், அதுவரை விளங்கவில்லை.

ஒரு மதியம் இட்லிக்கு மாவரைக்கக் கிரைண்டரைப் போட்டேன். கதவை அறைந்துகொண்டிருந்தவரின் கை நின்றது. மெல்ல நடந்து வந்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கிரைண்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். கம்பெனியில் ஓடும் மிஷினின் மேல் அப்படித்தான் கை வைத்துப் பார்ப்பார். முகம் தெளிந்தது. "இப்ப ஓடுது" என்றார்.

அணைத்துப் பார்த்தேன். பதறி எழுந்தார். போட்டேன், உட்கார்ந்தார். மறுபடி அணைத்தேன். யாரோ அந்நியப் பெண்மணியிடம் கேட்பதைப் போல என்னைக் கெஞ்சினார்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரிகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. நின்னது அவளுக்குக் கேட்டுருக்கும். அவ பாத்துக்குவா."

சொல்கிறேன் என்றேன்.

மருத்துவர் தேடச் சொன்ன காரணம் என் விரல் நுனியில் இருந்தது. அந்த மதியமே கார்த்தியை அழைத்திருக்க வேண்டும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? வீரபாண்டிக்குத் திரும்ப வேண்டும். மேல்மாடி, அதிர்வு, பஞ்சு... என் எஞ்சிய நாட்களும் அந்த மிஷின்களுக்கே!

வரைபடத்து நாற்காலி நினைவுக்கு வந்தது. லாரி நினைவுக்கு வந்தது. ஏமாற்றியவர் அதை மறந்துவிட்டார். ஏமாந்தவள் மட்டும் எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டுமா? அவரிடம் கேட்கவும் வழியில்லை. யாரிடம் கேட்பது? எனக்குத் துரோகம் செய்த மனிதர் அந்த உடம்பைவிட்டு எப்போதோ போயிருந்தார்.

அவரைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த பாக்கியத்திடம் கிரைண்டரைக் கொடுத்துவிட்டேன். தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் அவளுடையது.

"எனக்கா தாரீக? அப்பொ மாவுக்கு என்ன செய்வீக?"

"கடையில வாங்கிக்கறேன்."

"கடை மாவு புளிச்சுல்லா கெடக்கும்! ஒங்க மனசு யாருக்கும்மா வரும்?"

சில வாரங்கள் கழித்து, தந்தையின் கையில் இருந்த காயங்களைப் பார்த்துக் கார்த்தி கலங்கினான்.

"அம்மா, இந்த ஊடு அப்பாவுக்கு ஒத்துக்கலீங்களா? பழைய ஊட்டுக்கே போயிறலாமா? மேல சும்மாதான கெடக்குது."

எவ்வளவு எளிதாக என் முன் வைத்தான்! ஆம் என்ற ஒரு சொல் போதும்.

"வேண்டாஞ் சாமி. டாக்டர்தான் சத்தம் ஆகாதுன்னாரே" என்றேன்.

அவரை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூட்டித் தரும்படி மருத்துவரிடம் கேட்டதும் நான்தான். அந்த மயக்கத்தோடு ஒரு மாலை நின்றுபோன மிஷினைத் தேடி அவர் வாசற்படி இறங்கினார். விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழவில்லை. மெல்ல மெல்லப் பேச்சும் நின்றது.

பாக்கியத்திடம் போய்க் கிரைண்டரைத் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். கட்டிலருகே வைத்து, ஊறிய அரிசியைப் போட்டு ஓட விட்டேன். அவருடைய கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். அதிர்வில் விரல்கள் ஆடின. விரல்கள் மட்டும்தான் ஆடின.

தினமும் போடுகிறேன். வேண்டாத மாவை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறேன். வரும் உறவினர்களிடமெல்லாம் கார்த்தி, "அம்மா மாதிரி ஆரும் பாக்க மாட்டாங்க" என்கிறான். நான் காப்பி கலக்க எழுந்து போகிறேன்.

அரைத்து முடிந்ததும் அணைக்கிறேன். வீடு அமைதியாகிறது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நின்னு போச்சு என்று ஒருமுறை கத்துங்கள்... கதவை அறையுங்கள், என்னைத் தள்ளுங்கள்!

சன்னலுக்கு வெளியே குருவிகள் கத்துகின்றன.