பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எதிரே சுவரோ கம்பமோ வந்தால் முதலில் பேசுவது அவள் கால்தான். வாயும் சும்மா இருக்காது. "கண்ணாடியப் பாரு! ஸ்டியரிங்க ஏம்ப்பா கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்கிற? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

மாலையில் காரை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி அனுமதித்திருந்தார். முன்பெல்லாம் வழியில் தையல் கடையிலிருந்து அம்மாவை ஏற்றிக்கொள்வாள். அம்மாவுக்கு சீட் பெல்ட் மாட்டவே வராது. இவள்தான் எட்டி இழுத்து மாட்டிவிடுவாள். தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அம்மா அவன் ஊருக்குப் போனாள். கொஞ்ச நாள்தான் என்றாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஒரு மாலை, கை தன்பாட்டில் நீண்டு காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டியது. அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கழற்றவில்லை. குறுக்கே பெல்ட் கிடந்தால் இருக்கை அவ்வளவு காலியாகத் தெரியவில்லை. நாளாக நாளாக அதனிடம் பேசவும் தொடங்கினாள்.

அப்படிப் போன ஒரு மாலையில்தான் சந்திலிருந்து ஒரு வேன் நிற்காமல் வந்து காரின் முன்பக்கத்தை நொறுக்கியது. மணிக்கட்டு வீங்கியதோடு தப்பித்தாள். தப்பு தன்மேல் இல்லை என்று வேன்காரர் சாதித்தார்.

மறுநாள் பட்டறையில் முதலாளி காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து இருக்கையின் குறுக்கே பெல்ட் மாட்டியபடியே விறைத்துக் கிடந்தது.

"யாரு உக்காந்திருந்தது?"

"யாரும் இல்ல சார்."

"காத்து வந்து மாட்டிச்சா? பள்ளி நேரம் முடிஞ்சப்புறம் தனியா ஆள் சேத்துக் கத்துக்குடுக்கிறே. இந்த சீட்டுல நீ, ஓட்டினது அந்த ஆளு. இடிச்சதும் ஓடிட்டான். அதானே?"

இதே காரியத்துக்காகப் போன வருடம் ஒருவரை அவர் வேலையை விட்டே அனுப்பியிருந்தார். காலி இருக்கைக்கு பெல்ட் போட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அதற்குள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞன் மடிக்கணினியோடு வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கேபிளைச் சொருகினான். "உள்ள ஒரு பெட்டி இருக்குக்கா. இடிக்கிறதுக்கு முந்தின சில நொடிகள் என்ன நடந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கும்."

"இத்தனை வருஷமா இதுலதானே உக்காந்திருக்கேன். எனக்கு யாரும் சொல்லலியே?"

"யாருக்கும் சொல்லமாட்டாங்க. காரோட குடுக்கிற புத்தகத்துல எங்கயாவது பொடி எழுத்துல இருக்கும்."

"ஒழுங்கா ஓட்டியிருந்தா?"

"காப்பாத்தும். இல்லன்னா மாட்டிவிடும். அதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பேசினதும் பதிவாகுமா?"

"பாத்தியா!" முதலாளி துள்ளினார். "யார்கிட்ட பேசினே?"

"அதுக்குக் காது இல்லக்கா," என்றான் இளைஞன். பிறகு திரையைப் படித்தான். வேகம் அளவோடுதான். பிரேக் முழுசாக மிதிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து பெல்ட், மாட்டியிருக்கிறது.

முதலாளி தலையை ஆட்டினார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள்.

"ஆனா சீட் காலி சார்."

"எப்படித் தெரியும்?"

"சீட்டுக்கடியில எடை பாக்கிற கருவி இருக்கு. ஆள் இருந்தாத்தான் அந்தப் பக்கத்து ஏர்பேக், காத்துப்பை, விரியும். பாருங்க, ஓட்டற பக்கம் விரிஞ்சிருக்கு, இந்தப் பக்கம் விரியவே இல்ல. இதுக்கு நான் எதுக்கு, நீங்களே பாத்திருக்கலாம்."

முதலாளி எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "அப்போ பெல்ட்ட யாருக்கும்மா போட்டே?"

வாராவாரம் தொலைபேசியில் அம்மாவிடம் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வந்தவள் அவள். யாரும் கேட்காத ஒன்றை இந்தப் பெட்டி அவளைக் கேட்காமலே எழுதி வைத்திருந்தது. நன்றி சொல்வதா, கோபப்படுவதா?

"யாருக்கும் இல்ல சார். காலியா இருந்துச்சு. போட்டேன்."

பட்டறைக்காரர் முடுக்கிக்கொண்டிருந்த போல்ட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். "கைக்கு மருந்து போட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

கை ஆறியதும் வேறொரு கார் கொடுத்தார்கள். முதல் மாலை, பக்கத்து பெல்ட் வரை நீண்ட கையை அவள் பாதியில் இழுத்துக்கொண்டாள். இதற்குள்ளும் ஒரு பெட்டி இருக்கும்.

தையல் கடையைத் தாண்டிச் சிக்னலில் நின்றாள். பச்சை விழுந்தது.

"கண்ணாடியப் பாத்துட்டுக் கிளம்பு," என்றாள், காலி இருக்கையிடம். பெட்டிக்குத்தான் காது இல்லையே.